ஏசுவதற்கு ஓர் ஆள்

றோட்டில் குழி விழுந்தால் அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரு வசதி இருந்தது. யாரை ஏசுவது என்று தெரியும். அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் வன்னியில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். கிராமசபைச் சேர்மன் என்று ஒருவர் இருந்தார். அவருக்கு ஒரு றலி சைக்கிள், ஒரு கறுப்புக் குடை, கொஞ்சம் வயல், தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடும்பங்கள் என்று எல்லாம் அளவாக இருந்தன. பின்னேரம் நான்கு மணிக்குச் சந்தித் தேத்தண்ணிக்கடையின் முன் வாங்கில் வந்து இருப்பார். நாங்கள் போய் அவரோடு ஒன்றும் பேசமாட்டோம், கடைக்காரரைப் பார்த்து, ஆனால் வாங்கில் இருப்பவருக்குத் துலக்கமாகக் கேட்கும்படியாக, "ஏன் அண்ணை, எங்கடை ஊரில சபை எண்டு ஒண்டு இருக்கோ?" என்போம். சேர்மனும் எங்கள் பக்கம் திரும்பாமல் கடைக்காரரிடமே, "வரி கட்டுறவைக்குச் சபை கண்ணுக்குத் தெரியும் எண்டு சொல்லு" என்பார். கடைக்காரர் நடுவில் நின்று இரண்டு பகுதிக்கும் தேத்தண்ணி ஆற்றுவார். இரண்டு பேருடைய காசையும் அவரே வாங்கிக்கொள்வார். சனநாயகம் என்றால் என்ன என்று பிற்காலத்தில் பல கருத்தரங்குகளில் மைக் பிடித்து எனக்கு விளக்கியிருக்கிறார்கள். அந்த வாங்கில் கிடைத்த விளக்கத்துக்குப் பக்கத்தில் ஒன்றும் வரவில்லை.

எந்தச் சபை, எந்தச் சந்தி என்று கேட்காதீர்கள். கிளிநொச்சி மாவட்டத்தில் இன்று மூன்று சபைகள், முல்லைத்தீவில் நான்கு, வவுனியாவில் மாநகரசபையோடு சேர்த்து ஐந்து. இந்தப் பன்னிரண்டில் எதை மனதில் வைத்து வாசித்தாலும் இந்தக் கதை பொருந்தும். பொருந்தாவிட்டால் நீங்கள் நல்ல றோட்டுள்ள ஊரில் இருக்கிறீர்கள், உங்களுக்கு என் வாழ்த்து. நான் சங்கக்கடையில் விற்பனையாளராகச் சேர்ந்து மனேச்சராக ஓய்வு பெற்றவன். தராசுக்குப் பின்னால் நின்றவனுக்கு ஊர் முழுவதும் ஒரே தரத்தில்தான் தெரியும். கூப்பன் அரிசிக்கு வரிசையில் நிற்கும்போது மெம்பர் என்றும் இல்லை, வாக்காளர் என்றும் இல்லை.

அந்தக் கிராமசபை எங்களுக்கு என்ன செய்தது என்று இன்று பேரப்பிள்ளைகள் கேட்டால், முதலில் நினைவுக்கு வருவது சைக்கிள் தகடுதான். ஆண்டுக்கு ஒருமுறை சபைக் கந்தோருக்குப் போய்ச் சில ரூபாயைக் கட்டிச் சைக்கிளுக்கு லைசன்ஸ் எடுக்கவேண்டும். எடுத்தால் ஒரு சின்னத் தகடு தருவார்கள். அதைக் கைப்பிடிக்குக் கீழே கம்பியால் முறுக்கிக் கட்டி, முனையைக் குறட்டால் மடக்கிவிட்டு, ஏதோ கார் வாங்கியவர்கள் மாதிரிச் சந்தியால் மூன்று தரம் போய்வருவோம். நாய்க்கும் லைசன்ஸ் இருந்தது. கட்டாக்காலி மாடுகளை அடைக்கச் சபைக்கு ஒரு பட்டி இருந்தது. தண்டம் கட்டி மாட்டை மீட்டுவந்த அன்று அந்த வீட்டில் சமையல் கொஞ்சம் தாமதமாகும், ஏனென்றால் வீட்டுக்காரர் வேலியில் நின்று சேர்மனுடைய பரம்பரையை விசாரித்துக்கொண்டிருப்பார். மறுநாள் அதே ஆள் அதே சேர்மனிடம் தன் மகளின் கலியாணத்துக்குச் சபையின் பெற்றோல்மாக்ஸ் லாம்பை இரவல் கேட்டுப் போவார். லாம்பு கிடைக்கும். கலியாணத்துக்குச் சேர்மனும் வருவார், முன்வரிசையில் இருந்து சாப்பிடுவார்.

எனக்குப் பதினெட்டுப் பத்தொன்பது வயதிருக்கும்போது எங்கள் ஒழுங்கை வாய்க்காலைக் கடக்கும் இடத்தில் இருந்த மதகு உடைந்தது. ஊரில் கொஞ்சம் படித்தவன், சுதந்திரன் பத்திரிகையை முதல் எழுத்திலிருந்து அச்சகத்தின் பெயர் வரை வாசிப்பவன் என்பதால் மனு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. எழுதினேன். புல்ஸ்காப் தாளில் மூன்று பக்கம். ஆறறிவு படைத்த மனிதன் ஆதியில் நதிக்கரையில் வாழ்ந்ததில் தொடங்கி, ஈழத்துக் குளங்களின் பெருமை வழியாக வந்து, மூன்றாம் பக்கத்தின் நடுவில் எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பினேன். அடுக்குமொழிக்குக் குறைவில்லை. கையெழுத்திட்டவர்களில் பாதிப் பேருக்கு என்ன எழுதியிருக்கிறது என்று விளங்கவில்லை, அதனாலேயே அவர்களுக்கு அதன்மேல் பெரிய மதிப்பு.

சேர்மன் அதைத் தேத்தண்ணிக்கடை வாங்கிலே வைத்து, கண்ணாடியைப் போட்டு, முழுவதையும் வாசித்தார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று அவர் முகத்தைப் பார்த்தபடி இருந்தேன்.

"தம்பி, உம்மடை தமிழ் வலு திறம்" என்றார். "ஆனால் மதகு எத்தினை அடி எண்டு ஒரு இடத்திலயும் எழுதேல்லையே."

அடுத்த நாள் காலையில் அவரே வந்தார். சைக்கிளைப் பூவரசில் சாத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கி, குடையை மடக்கி அதால் அளந்தார். மூன்று குடை, ஒரு சாண். பக்கத்தில் நின்றவரிடம் அதை ஒரு சுருட்டுப் பெட்டி மட்டையில் எழுதச் சொன்னார். அந்தக் கிழமைக்குள் மாட்டு வண்டிலில் பனங்குற்றிகள் வந்து இறங்கின. மேலே கிரவல் கொட்டினார்கள். சபையிடம் சீமெந்துக்குக் காசில்லை என்று சொன்னதோடு, குற்றியில் ஒன்று இத்துப்போனது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதற்காகவும் அவரை ஏசினோம். ஒரு மழைக்கு அந்தக் குற்றி போனபோது, சொன்னபடியே போனது என்பதற்காக இன்னும் கொஞ்சம் ஏசினோம்.

பெரிய அரசியலும் எங்கள் சந்திக்கு வரும். அது வரும்போது உழவு மெசின் பெட்டியில், இரண்டு லவுட்ஸ்பீக்கரோடு வரும். கரைச்சிப் பக்கத்தில் கிராமசபையில் இருந்த ஆனந்தசங்கரி 1970 இல் தமிழ்க் காங்கிரசில் நின்று கிளிநொச்சித் தொகுதிக்கு எம்.பி. ஆனபோது, சபைக் கதிரையிலிருந்து கொழும்புக்கு வழி இருக்கிறது என்று ஊரில் பல பேருக்கு ஒரே நேரத்தில் ஞானம் வந்தது. 1977 இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன். கிளிநொச்சியில் அதே ஆனந்தசங்கரி, முல்லைத்தீவில் செல்லத்தம்பு, வவுனியாவில் சிவசிதம்பரம். மூன்று தொகுதியும் கூட்டணிக்கே. அந்தத் தேர்தலில் எனக்குக் கிடைத்த பதவி சுவரொட்டி ஒட்டுவது. பசை காய்ச்ச மா வேண்டும். சிறிமாவோ அம்மையார் ஆட்சியில் கோதுமை மா என்பது கூப்பனுக்கு அளந்து கொடுக்கிற பொருள், அளந்து கொடுக்கிறவனும் நான்தான். என் வீட்டுப் பங்கில் ஒரு சுண்டு மாவை எடுத்து, பின்வளவில் அடுப்பு மூட்டிக் கிண்டிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து பார்த்தார். "தமிழருக்கு நாடு கிடைக்கிறது கிடைக்கட்டும், நாளைக்கு விடிய ரொட்டிக்கு மா எங்கை?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அது மேடைப் பதில். அதைச் சொன்னேன். அகப்பையால் அடி விழுந்தது.

இதில் ஒரு பகிடி உண்டு. அதே ஆட்சியில்தான் வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வருவது நின்று, வன்னியில் செத்தல் மிளகாய்ச் சாக்குக்கு மரியாதை வந்தது. மிளகாய் விற்ற காசில் கல்வீடு கட்டியவர்கள், அந்தக் கல்வீட்டுச் சுவரில்தான் அரசாங்கத்துக்கு எதிரான எங்கள் சுவரொட்டியை ஒட்டவிட்டார்கள். ஆட்சி மாறி இறக்குமதி திறந்து மிளகாய் விலை விழுந்தபோது, வாக்குப் போட்ட எங்கள் எம்.பி.யைச் சந்தியில் பிடித்து அதற்கும் ஏசினார்கள். அவரோ எதிர்க்கட்சி. ஆனாலும் நின்று கேட்டார். கேட்காமல் அவருடைய ஜீப் சந்தியைக் கடந்திருக்காது.

1981 இல் மாவட்ட அபிவிருத்திச் சபை வந்தது. கூடவே கிராமசபைகளும் பட்டினசபைகளும் இல்லாமல் போயின. அந்த யூன் மாதத்துத் தேர்தலை நினைத்தால் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததுதான் நினைவுக்கு வருமே தவிர, யாருக்கு வாக்குப் போட்டோம் என்பது வராது. கிளிநொச்சிக்கு ஒருகாலத்தில் தனியாகப் பட்டினசபை இருந்தது. இன்று மாவட்டத்தின் தலைநகரமாக, பச்சை விளக்குச் சந்தியும் வங்கிகளும் ரயில் நிலையமுமாக வளர்ந்த பிறகும் அது ஒரு பிரதேச சபைக்குள்தான் அடங்கிக்கிடக்கிறது. வளர்ந்தால் தரம் குறையும் என்பதற்கு உதாரணம் தேடுபவர்கள் ஏ9 ஆல் வந்து பார்க்கலாம்.

அதற்குப் பிறகு வந்தது ஒரு நீண்ட காலம். பிரதேச சபைச் சட்டம் 1987 இல் வந்து தெற்கில் தேர்தல் நடந்ததாக வானொலி சொன்னது. வவுனியா நகரத்தார் 1994 இல் ஒருதடவை வாக்குப் போட்டார்கள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நாங்கள் கிராமசபையைப் பறிகொடுத்த நாளிலிருந்து முப்பது வருசம் ஒரு மெம்பரின் முகத்தைக் காணவில்லை. கந்தோர் இருந்தது, செயலாளர் இருந்தார், வாக்குக் கேட்டு வந்தவர் என்று ஒருவர் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சைக்கிள் ரியூப் வால்வுக்குள்ளால் திரி இழுத்து, ஒரு மூடி மண்ணெண்ணெயில் பிள்ளைகளைப் படிப்பித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம். தகடு கட்டவேண்டிய அவசியம் இல்லாத சைக்கிள். அதை நினைத்து ஒருநாள் எனக்கு ஏனோ கவலை வந்தது. மதகு இன்னொருமுறை இடிந்தபோது ஒழுங்கைச் சனம் சிரமதானம் வைத்துத் தண்டவாளத் துண்டுகளைப் போட்டு நாங்களே கட்டினோம். ரயில் ஓடாத தண்டவாளம்தானே. வேலை நன்றாகவே நடந்தது. ஆனால் வேலை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது ஏதோ ஒன்று குறைந்தது. ஒரு கிழவர்தான் அதைக் கண்டுபிடித்தார்: "எல்லாம் சரி, ஆரைப் பேசுறது?"

இடையில் பாராளுமன்றத் தேர்தல்கள் வந்தன. நாங்கள் இருந்த பக்கத்தில் வாக்குச்சாவடி வைக்க முடியாதென்று, எல்லை கடந்து போய்ப் போடுவதற்குக் கொத்தணி வாக்களிப்பு நிலையங்கள் என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். 2005 ஜனாதிபதித் தேர்தலில் கிளிநொச்சித் தொகுதியில் விழுந்த வாக்கை எண்ண ஒரு விரலே போதுமாக இருந்தது என்பார்கள். அந்த விரலுக்கு உரியவர் யார் என்று தேத்தண்ணிக்கடையில் ஆராய்ந்தோம், முடிவு கிடைக்கவில்லை.

2009 இல் எல்லோரும் செட்டிகுளம் மெனிக் பாமில் இருந்தோம். அந்த முகாம் பிரிவுகளுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசாமி, கதிர்காமர் என்று பெயர் வைத்திருந்தார்கள். கிட்டத்தட்ட முப்பது வருசமாகச் சபைப் பிரதிநிதி இல்லாத சனம், பெரியவர்களின் பெயருக்குள்ளே கூடாரம் அடித்துக் குடியிருந்தது. ஒருநாள் தண்ணீர் வரிசையில், எனக்கு முன்னால் நின்ற எங்கள் ஒழுங்கைக்காரர் திரும்பி, "மதகு இப்ப என்ன மாதிரிக் கிடக்கோ தெரியாது. அந்த மனுசன் அப்பவே சீமெந்தில கட்டியிருந்தா நிண்டிருக்கும்" என்றார். எந்த மனுசன் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. சேர்மன் செத்து எவ்வளவோ காலம். அந்த வரிசையில் வைத்து இரண்டு பேரும் அவரைக் கொஞ்ச நேரம் ஏசினோம், எனக்கு நெஞ்சு இலேசாக இருந்தது.

ஊருக்குத் திரும்பியபோது கிளிநொச்சியில் தண்ணீர்த் தாங்கி தலைகுப்புற விழுந்து கிடந்தது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து அதற்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். பக்கத்தில் நினைவுப் பொருள் விற்கிற கடையும் முளைத்தது. தண்ணீர் தாங்காத தாங்கியைப் பார்க்க அவர்கள் வர, தண்ணீர்ப் பவுசர் வரும் வழியை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு தேர்தல்கள் வரத் தொடங்கின, வந்தால் ஒன்றாகவா வரும்! 2011 யூலையில் கிளிநொச்சியின் மூன்று சபைகளுக்கும் வாக்குப் போட்டார்கள். புதுக்குடியிருப்புக்கும் கரைதுறைப்பற்றுக்கும் மட்டும் அது தள்ளித் தள்ளிப் போனது. 2013 செப்ரெம்பரில் மாகாண சபை. வெயிலில் வரிசையாக நின்று முப்பத்தெட்டுப் பேர் கொண்ட சபையை உண்டாக்கினோம். 2018 பெப்ரவரியில் புது முறை: வட்டாரத்தில் அறுபது வீதம், விகிதாசாரத்தில் நாற்பது வீதம், பெண்களுக்கு இருபத்தைந்து வீதம். நாடு முழுவதும் உள்ளூராட்சி உறுப்பினர் தொகை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகி எண்ணாயிரத்தைத் தாண்டியது. எங்கள் சபை மண்டபத்தில் கதிரை காணாமல் தச்சனைக் கூப்பிட்டார்கள். ஒரு சேர்மனுக்கே ஏங்கிக்கிடந்த எனக்கு இப்போது தவிசாளர், உபதவிசாளர், வட்டாரத்து உறுப்பினர், அதே வட்டாரத்தில் தோற்று விகிதாசாரத்தால் உள்ளே போன உறுப்பினர், பட்டியலில் வந்த பெண் உறுப்பினர் என்று ஒரு கலியாண வீட்டுக்கு அழைக்குமளவு ஆட்கள். கிளிநொச்சிக்காரருக்கு இதற்கு மேலேயும் ஒன்று: வன்னியின் நடுவில் இருந்தாலும் பாராளுமன்றத் தேர்தலில் அவர்கள் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம். வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு. ஆனையிறவைத் தாண்டித்தான் அவர்களுடைய கோபம் எண்ணப்படும்.

இவ்வளவு பேர் இருந்தால் ஏசுவது சுகம் என்று நினைத்தேன். அங்கேதான் றோட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்ற பாடம் தொடங்கியது. ஏ9, ஏ35 போன்றவை வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. அடுத்த தரத்து வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. உள் ஒழுங்கை பிரதேச சபைக்கு. வாய்க்கால் கட்டால் போகிற பாதை நீர்ப்பாசனத்துக்கு. வயலுக்குள் இறங்கினால் கமநல சேவை. காட்டோரம் திரும்பினால் வனவளம். எங்கள் ஒழுங்கையோ குடியேற்றத் திட்டக் காலத்து ஒழுங்கை. பிரதான வீதியில் பிறந்து, வாய்க்கால் கட்டில் தவழ்ந்து, வயலில் இறங்கி, பற்றைக்குள் முடிகிறது. ஒரு மைலுக்குள் அது எத்தனை திணைக்களத்தின் பிள்ளை என்று யாரும் சத்தியம் பண்ணிச் சொல்லவில்லை. மதகு என்றால் இன்னும் சிக்கல்: மேலே போகிற சனம் ஒருவருக்கு, கீழே போகிற தண்ணீர் இன்னொருவருக்கு. நான் ஏறி இறங்கிய கந்தோர்களின் பெயர் வேண்டாம். எல்லா இடத்திலும் மரியாதையாக இருக்கச் சொன்னார்கள், விசிறியைப் போட்டார்கள், அடுத்த கந்தோருக்கு வழி சொன்னார்கள். நடுத்தர வீதிகளின் சொந்தக்காரரான மாகாண சபைக்கு 2018 ஒக்ரோபரில் ஆயுள் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. ஆகவே அந்த வீதிக் குழிகளுக்கு ஏசவேண்டியவர் பதவியில் இல்லாத ஒருவர். அவரையும் ஒரு மரணவீட்டில் கண்டேன். அவர் எனக்கு முதலே அந்த வீதியைப் பற்றி ஏசத் தொடங்கிவிட்டார்.

இன்றைய முன்னேற்றத்தில் நான் மனதாரப் பாராட்டுவது பெயர்ப்பலகையை. எழுபதுகளில் மதகு வந்தது, பலகை வரவில்லை. இப்போது பலகை முதலில் வருகிறது. "பன்முகப்படுத்தப்பட்ட நிதி ஒதுக்கீட்டின் கீழ்" என்று தொடங்கினாலே மரியாதையாக இருக்கிறது. 1974 இல் அந்தத் திட்டம் வந்த காலத்தில் எனக்கு அந்தச் சொல் அகப்பட்டிருந்தால் என் மனுவின் முதல் பக்கத்திலேயே போட்டிருப்பேன். 2018, 2019 இல் கம்பெரலிய என்ற பெயரில் ஒழுங்கைக்கு ஒழுங்கை கிரவலும் பலகையும் வந்தன. எங்கள் பகுதியில் ஒரு துண்டுக்குக் கொங்கிறீட் போட்டு, மதகிலும் கை வைத்து, எம்.பி. பெயர், தொகை, நீளம் எல்லாம் எழுதி நட்டார்கள். இரண்டு மாரி போனது. பலகையில் ஒரு கீறல் இல்லை. அதை எழுதியவரைக் கொண்டு றோட்டையும் போட்டிருக்கலாம் என்று சனம் பேசிக்கொள்கிறது.

எல்லாம் பகிடிக்கு அடங்காது. 2016 செப்ரெம்பரில் ஒரு இரவு கிளிநொச்சிப் பொதுச்சந்தை எரிந்தது. புடவைக் கடை, பழக்கடை என்று வரிசையாக எரிந்தபோது மாவட்டத்தில் ஒரு தீயணைப்பு வண்டி இல்லை. கடன்பட்டுத் தீபாவளிக்குத் துணி இறக்கியவர்கள் வீதியின் மறுகரையில் நின்று பார்த்தார்கள். யுத்தம் முடிந்து ஏழு வருசம், காப்பெற் போட்ட ஏ9, நேரத்துக்கு வரும் யாழ்தேவி, ஒவ்வொரு சந்திக்கும் ஒரு வங்கி. தண்ணீர் அடிக்க ஒரு வண்டி மட்டும் ஒருவருடைய பட்டியலிலும் இருக்கவில்லை. சந்தைக்காரரின் அன்றைய பேச்சில் சொல்லலங்காரம் கிடையாது. அதைக் கேட்க வேண்டியவர்கள் விடிந்த பிறகு வந்து, தனித்தனியாக, கமராவோடு வந்து கேட்டார்கள்.

2023 இல் மறுபடியும் பழைய காலம் எட்டிப் பார்த்தது. சனவரியில் வேட்புமனு வாங்கினார்கள், மார்ச் 9 தேர்தல் என்றார்கள், பிறகு திறைசேரியில் காசில்லை என்றார்கள், அதே மார்ச்சில் சபைகளின் காலமும் முடிந்தது. எங்கள் ஒழுங்கைத் தம்பி ஒருவன் வேட்பாளன். துண்டுப்பிரசுரம் அடித்து, வெள்ளைச் சேட் தைத்து, வீடு வீடாகக் கும்பிட்டுக்கொண்டு போனவன், தேர்தல் எப்போது என்று தெரியாமல் இரண்டு வருசம் கும்பிட்டபடியே திரிந்தான். சிரிப்பை நிறுத்தவும் பயம். நாளைக்கே திகதி அறிவித்தால்? கடைசியில் அந்த வேட்புமனுக்களையே இல்லாமல் செய்து புதிதாக வாங்கி, 2025 மே 6 இல் வாக்கெடுப்பு நடந்தது. அதற்குள் அவன் கட்சியும் மாறியிருந்தது, சேட்டும் சின்னதாகிவிட்டது. இடைப்பட்ட அந்த இரண்டு வருசத்தில், மெம்பர் ஒருவரும் இல்லாத சபை எங்கள் சந்தி விளக்கை இரண்டு முறை மாற்றியது என்பதை நான் சொல்லக்கூடாது. சொன்னால் சனநாயகத்துக்கு எதிரானவன் என்பார்கள்.

இப்போது வாங்கும் இல்லை. தேத்தண்ணிக்கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். ஏச்செல்லாம் வட்ஸ்அப் குழுவில். காலையில் நான் உடைந்த மதகின் படத்தைப் போட்டால் முதலில் ஒருவர் கும்பிடுகிற கையைப் போடுகிறார், அடுத்தவர் பிள்ளையார் படத்தோடு காலை வணக்கம், கனடாவில் இருக்கும் மூன்று பேர் "மிகவும் வேதனை" என்கிறார்கள், பத்தாம் ஆள் எந்தச் சாதி எந்தக் கட்சி என்று தொடங்குகிறார், நிர்வாகி குழுவைப் பூட்டுகிறார். பின்னேரம் பொழுதுபோகாவிட்டால் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்து வீடியோ பார்க்கலாம். ஐயாமார் மேசையில் அடித்து, மைக்கைப் பறித்து, ஒருவரையொருவர் பேசுகிற பேச்சில் எங்களுக்கு ஏச ஒன்றும் மிச்சம் வைப்பதில்லை. முன்பு நாங்கள் ஏச அவர்கள் கேட்டார்கள். இப்போது அவர்கள் ஏச நாங்கள் பார்க்கிறோம், அதற்கு டேற்றா காசும் எங்களுடையது.

நியாயத்துக்குச் சொல்லவேண்டும்: பட்டியலில் வந்த அந்தப் பெண் உறுப்பினர் ஸ்கூட்டியில் வருவார். வட்டாரமே இல்லாதவர் என்று சக உறுப்பினர்கள் அவரைக் கணக்கெடுப்பதில்லை. அதனாலேயோ என்னவோ எல்லா வட்டாரத்துப் பெண்களும் தங்கள் சோலியை அவரிடம்தான் சொல்கிறார்கள். போன மாரியில் வெள்ளம் வாய்க்காலால் பாய்ந்தபோது முழங்கால் சேற்றில் நின்றவர் அவர். அவரை ஏச எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் வட்டாரத்து உறுப்பினர் அகப்பட்டார். போன கிழமை எங்கள் ஒழுங்கைக்குள் ஏதோ படம் எடுக்க வந்தவரை மறித்து, வீட்டு விறாந்தையில் இருத்தி, மனுசி போட்ட பிளேன் ரீயையும் கையில் கொடுத்துவிட்டு, நாற்பது ஐம்பது வருசமாகச் சேர்த்துவைத்த முறைப்படி தொடங்கினேன். மதகின் வரலாறு, பனங்குற்றி, தண்டவாளம், பலகை, ஆட்டோ குடைசாய்ந்த கதை, பள்ளிக்கூடப் பிள்ளை சைக்கிளோடு விழுந்து பல்லுடைந்த கதை. அகலம் எத்தனை அடி என்பதையும் இம்முறை மறக்காமல் சொன்னேன். பொடியன் குறுக்கே பேசாமல் தலையாட்டிக் கேட்டான். என் பேத்தியின் வயது இருக்கும். கேட்டு முடித்துத் தொலைபேசியை எடுத்தான்.

"ஐயா, நீங்கள் சொன்னது முழுக்க நியாயம். இதை அப்பிடியே ஒரு வொய்ஸ் மெசேஜா எனக்குப் போடுங்கோ. நான் தவிசாளருக்கும் எம்.பி.க்கும் போவேட் பண்ணிவிடுறன்."

"இப்ப நேரிலை சொன்னனான் தானே தம்பி?"

"நேரிலை சொன்னா அனுப்பேலாது ஐயா. ஆனா ஒரு நிமிசத்துக்குள்ள சொல்லி முடியுங்கோ. கூடினா ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

ரீக் கோப்பையை வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தான். மதகால் போக முடியாது. ஒழுங்கைச் சனம் எல்லோரும் போகிற மாதிரி எங்கள் வளவுக்குள்ளால் திருப்பி, கோழிக்கூட்டைச் சுற்றி, பின்வேலிப் பொட்டால் வெளியேறினான். நான் எழும்பிப் போய்ப் படலையைச் சாத்தப் போக, உள்ளேயிருந்து மனுசி சத்தம் போட்டார்:

"பூட்டாதேங்கோ, தோத்த மெம்பரும் பின்னேரம் இதாலதான் வாறாராம்."